சர்க்கரைக்கு ஜீன் தேட குடும்பமா, கூட்டமா?
குடியாத்தத்தில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எங்கள் வம்சத்தை வரைந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், செத்தவர் மேல் சாய்கோடு, சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. சர்க்கரைக்காரர்களுக்குக் கறுப்பு அடித்ததில் பாதித் தாள் கறுத்துவிட்டது. "வம்சத்துல ஓடுதுன்னு இதுக்கு மேல என்னடா பார்க்கணும்?" என்றார் பெரியம்மா. சரி, ஓடுகிறது, எந்த ஜீனில்?

பழைய வழி லிங்கேஜ்: குரோமோசோமின் எந்தத் துண்டு நோயோடு சேர்ந்தே பிள்ளைகளுக்கு இறங்குகிறது என்று குடும்பத்துக்குள் பார்ப்பது. அப்படிச் சேர்ந்து இறங்குவது தற்செயல் இல்லை என்பதற்கான ஆதாரத்தை அளக்கும் எண் லாட் ஸ்கோர்; அது 3 வந்தால் நம்பலாம் என்பது 1955-இல் மரபியலாளர் நியூட்டன் மார்ட்டன் போட்ட கணக்கு. ஹன்டிங்டன் என்ற மூளை நரம்பு நோயின் ஜீன் 4-ஆம் குரோமோசோமில் இருப்பதை 1983-இல் காட்டியது இதுதான், ஆனால் அங்கே குற்றவாளி ஒரே ஜீன். சர்க்கரையில் ஏகப்பட்ட ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளுகின்றன, அந்த மெல்லிய தள்ளல் லிங்கேஜ் கண்ணில் படாது.

புது வழி ஜீவாஸ் (GWAS), ஜீன் தொகுப்பு முழுக்கத் தேடும் முறை. அது குடும்பத்தையே விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கான நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் எதிரெதிரே நிறுத்தி லட்சக்கணக்கான இடங்களில் எண்ணிப் பார்க்கிறது. 2007-இல் பிரிட்டனில் 7 நோய்களுக்கு 14,000 நோயாளிகளை வைத்துச் செய்தார்கள். அத்தனை இடத்தில் தேடினால் குருட்டு அதிர்ஷ்டத்திலும் ஏதாவது மாட்டும் என்பதால், தற்செயலாக வர 2 கோடியில் 1 வாய்ப்புதான் என்ற அளவுக்கு வந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் ஒரு குழி இருக்கிறது. நோயாளிகளை ஆம்பூரிலும் மற்றவர்களை போளூரிலும் பிடித்தால், இரண்டு ஊர் மக்களுக்கும் இடையே சும்மா வேறுபடுகிற ஜீனெல்லாம் சர்க்கரை ஜீன் மாதிரி தெரியும். (அப்புறம் பிரியாணியையும் ஜீன் என்போம்!) தனக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் சாதிகள் அடுத்தடுத்த தெருவில் இருக்கும் நம் பக்கம் இது இன்னும் மோசம்.

இதற்கு மருந்தாக 1993-இல் வந்தது டிடிடி (TDT) என்ற சோதனை. பெற்றோரிடமிருந்து நோயுள்ள பிள்ளைக்கு இறங்கிய ஜீன் வடிவத்தை, இறங்காமல் விட்டதோடு ஒப்பிடுவது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தவை, ஊர் வித்தியாசம் உள்ளே வர வழியில்லை. கச்சிதம்தான், ஆனால் சர்க்கரை 50 வயதில் வருகிறதே, பெற்றோரின் ரத்தத்துக்கு எங்கே போவது? என் தாளில் மேல் வரிசை முழுக்கச் சாய்கோடு.

பெற்றோர் இல்லாவிட்டால் உடன்பிறந்தவர்களை ஒப்பிடும் வகையும் உண்டு. பெரியம்மாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு இல்லை, அது ஒரு ஜோடி. இன்னும் சில ஆயிரம் ஜோடிகள் வேண்டும்.