‘ஆயிரம் வோட்ஸ்’ சைக்கிள் மோட்டார்: திருகோணமலையில் வாங்கப் போகிறவர்கள் கவனம்

போன மாதம் என் பழைய சைக்கிளுக்கு மோட்டார் பூட்டினேன். டவுனில் ஒரு கடை, பெயர் வேண்டாம். "தம்பி, இது ஆயிரம் வோட்ஸ் பவர். உவர்மலை என்ன, கோணேசர் கோயில் ஏற்றத்துக்கே உழக்கத் தேவையில்லை. ஒரு சார்ஜுக்கு அறுபது கிலோமீட்டர்" என்றார் முதலாளி. நான் எங்கே ஓடுகிறேன், உழக்குகிற ஆளா, கைப்பிடியைத் திருகிவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா என்று ஒரு கேள்வி இல்லை. நானும் கேட்கவில்லை. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் எண்ணிக் கொடுத்தேன்.

வீடு உவர்மலையில். முதல் நாள் பின்னேரம் கரியரில் பத்துக் கிலோ அரிசி. ஏற்றத்தின் பாதியில் ஒரு முனகல், அப்புறம் நின்றேவிட்டது. மோட்டாரைத் தொட்டால் தோசைக்கல். "புதுசுதானே, ஓட ஓடச் சரிவரும்" என்றார் முதலாளி. மோட்டார் என்ன செருப்பா, போடப் போடப் பழக?

அடுத்து நிலாவெளி. போகும்போது சுகம். திரும்பும்போது எதிரே கச்சான் காற்று. சாம்பல்தீவில் பற்றரி முடிந்தது. சரி, உழக்குவோம் என்றால் சில்லு பின்னுக்கு இழுக்கிறது, பிரேக் பிடித்தபடி ஓடுவது போல.

ஓட்டோ திருத்தும் நண்பன், மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போகலாம் என்று கட்டுப்படுத்துகிற கொன்ட்ரோலர் பெட்டியைக் கழற்றினான். உள்ளே 36 வோல்ட், 15 அம்பியர். பெருக்கினால் 540 வோட்ஸ். ஆயிரத்துக்குக் கிட்டவும் அது விடாது. பற்றரி 10 அம்பியர்-மணி (Ah), 36 வோல்ட்டால் பெருக்கினால் அதில் இருப்பது 360 வோட்-மணி (Wh). உழக்காமல் அறுபது கிலோமீட்டர் எங்கே வரும்?

எனக்குத் தள்ளிவிட்டது சில்லின் நடுவில் இருக்கும், உள்ளே கியர் இல்லாத வகை. சமதரையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு அது நல்லது, சத்தமும் இல்லை, தேயப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஏற்றத்தில் சில்லு மெதுவாகச் சுழன்றால் மின்சாரம் சூடாகத்தான் போகும். என்னைப் போல உழக்கிக்கொண்டு மேடு ஏறுகிறவருக்குப் பெடல் அச்சில் பூட்டும் மோட்டார்தான் சரி. சைக்கிளின் கியரையே அதுவும் பாவிக்கும். செயின் கெதியாகத் தேயும், அது வேறு கதை. காசு போதாவிட்டால் சில்லின் நடுவிலேயே வரும், உள்ளே கியர் உள்ள சின்ன மோட்டார். பற்றரி முடிந்தாலும் சில்லு லேசாக ஓடும்.

கடையிலேயே சில்லைத் தூக்கி, கரண்ட் இல்லாமல் முன்பக்கம் சுழற்றிப் பாருங்கள். விட்டுவிட்டுத் தடுத்தால் என்னுடைய வகைதான்.

காசைத் திருப்பிக் கேட்டேன். "ஆயிரம் வோட்ஸ் என்று எங்கே எழுதியிருக்கு?" என்கிறார். பில்லை எடுத்துப் பார்த்தேன்: ‘சைக்கிள் சாமான் – 1’.