கல்யாண நாள் பயணத்தில் திருச்சியில் ஒரு ராத்திரி: பைபாஸ் லாட்ஜா, பஸ் ஸ்டாண்டு லாட்ஜா, ஸ்ரீரங்கமா?

எங்கள் கல்யாண நாள் தை மாத நடுவில் வரும். பையன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து, அதாவது 2023 முதல், அந்த வாரக் கடைசியில் நானும் வீட்டுக்காரரும் காரை எடுத்துக்கொண்டு கன்னியாகுமரி போய் வருகிறோம். சென்னையிலிருந்து சுமார் 700 கி.மீ. ஒரே மூச்சில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், எங்களால் முடியாது. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு மூன்று மணிக்குக் கிளம்பினால் பெருங்களத்தூர், செங்கல்பட்டு நெரிசலைத் தாண்டவே ஐந்தாகிவிடும், அப்புறம் விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் என்று வந்து சமயபுரம் சுங்கச்சாவடி வெளிச்சம் தெரியும்போது மணி ஒன்பதரை, பத்து. அதற்கு மேல் ஓட்டுவது சரியில்லை. நடுராத்திரி தாண்டினால் எப்பேர்ப்பட்டவருக்கும் கண் சொருகும், ஓரமாக விளக்கில்லாமல் நிற்கிற லாரி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும்.

ஆக திருச்சியில் தங்கியே ஆக வேண்டும். "ராத்திரி படுத்து எழுந்திருக்கத்தானே, எதுவாக இருந்தால் என்ன" என்பது பலருடைய எண்ணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாங்கள் வெளியே தங்குவதே இரண்டு ராத்திரி, அதில் ஒன்று இங்கே போகிறது. கன்னியாகுமரியில் கடல் பார்த்த ரூம் வேண்டும் என்று பத்து நாள் தேடுகிறோமே, அதில் பாதி அக்கறையாவது இந்த ரூமுக்கும் காட்ட வேண்டாமா? மூன்று வருடம் மூன்று விதமான இடத்தில் தங்கிப் பார்த்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன். தங்கிய லாட்ஜ்களின் பெயர் வேண்டாம், எந்த வகை இடத்தில் என்ன கிடைக்கும் என்பதுதான் விஷயம்.

2023இல் தங்கியது பைபாஸ் லாட்ஜ். பாடாலூர், சிறுகனூர் தாண்டி வரும்போது சாலையோரம் கீழே ஓட்டல், மேலே இரண்டு மாடி ரூம் என்று கட்டிடங்கள் நிற்கும், அதில் ஒன்று. வீட்டுக்காரருக்கு இதுதான் பிடித்தம், அவர் சொல்லும் காரணங்களும் நியாயமானவை. ஊருக்குள் நுழைய வேண்டாம், ஒற்றை வழியில் மாட்டிக்கொள்ள வேண்டாம், கார் ஜன்னலுக்குக் கீழேயே கண் பார்வையில் நிற்கும், பத்து மணிக்குப் போனாலும் சூடாக இட்லி, தோசை கிடைக்கும், காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு ஏறினால் நேராக நெடுஞ்சாலை. வாடகை 1,800 ரூபாய். ரூம் புதிது, டைல்ஸ் பளபள என்று இருந்தது, கட்டில் பெரிது, டிவி பெரிது.

தூக்கம்தான் இல்லை. எங்கள் ரூம் சாலையைப் பார்த்த பக்கம். லாரி போகிற சத்தம்கூடப் பழகிவிடும், அது ஒரே சீராக வரும். டீ குடிக்க லாரிகள் கீழே ஒதுங்கி நிற்கும் பாருங்கள், அப்போது ஏர் பிரேக் "புஸ்ஸ்" என்று விடுகிற மூச்சும், கிளம்பும்போது தரையோடு கட்டிலும் அதிர்கிற அதிர்வும் பழகவே பழகாது. பன்னிரண்டரைக்கு ஒரு ஆம்னி பஸ் சாப்பாட்டுக்கு நின்றது. "பஸ் இருபது நிமிஷம் நிக்கும்" என்று யாரோ கத்தியது ரூமுக்குள் கேட்டது. அடுத்து இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. கதவுத் தாழ்ப்பாள் வேறு முழுதாக ஏறவில்லை, மேல் கொக்கி பாதியில் நின்றுவிட்டது, நாற்காலியை நகர்த்திக் கதவுக்கு முட்டுக்கொடுத்தோம். "என்னங்க, தூங்கிட்டீங்களா?" என்றேன் இரண்டு மணிக்கு. "தூங்குற மாதிரியா இருக்கு?" என்றார். காலையில் அசதியோடு தாமதமாகத்தான் முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினோம். மதுரை தாண்டி அவருக்குக் கண் கட்ட ஆரம்பித்து, திருமங்கலம் அருகே காரை ஓரம் கட்டி முக்கால் மணி நேரம் தூங்கினார். பைபாஸில் தங்கியதால் மிச்சமான நேரம் அங்கேயே போய்விட்டது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு டிக்கெட் வழக்கமாக மாலை 4 மணியோடு நின்றுவிடும், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலேகால்.

பைபாஸில்தான் தங்குவோம் என்றால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். பின்பக்க ரூம் கேளுங்கள், வயலைப் பார்த்த ரூம். அது இல்லை என்றால் அடுத்த லாட்ஜுக்குப் போங்கள்.

2024இல் பஸ் ஸ்டாண்டு லாட்ஜ். திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தைச் சுற்றி லாட்ஜ்களுக்குப் பஞ்சமே இல்லை, பழைய லாட்ஜ், புது ஓட்டல், எல்லா விலையிலும் உண்டு. நாங்கள் எடுத்தது பழைய கட்டிடம், 1,300 ரூபாய். சலவை செய்த வெள்ளை விரிப்பில் நீல மசியில் லாட்ஜின் பெயர், பாத்ரூமுக்கு வெளியே சிவப்பு விளக்கு எரிகிற கீசர் சுவிட்சு, கொக்கியில் தொங்கும் பிளாஸ்டிக் குவளை, சாவியோடு கட்டிய கனத்த பித்தளை வில்லை. இந்த மாதிரி லாட்ஜ்களில் எனக்குப் பிடித்த விஷயம் 24 மணி நேர செக் அவுட். ராத்திரி பத்துக்குப் போட்டால் மறுநாள் ராத்திரி பத்து வரை ரூம் நம்முடையது. பெரிய ஓட்டல்களில் பன்னிரண்டு மணி கணக்கு, சில இடத்தில் பதினொன்று, ராத்திரி பத்துக்குப் போய் முழு நாள் வாடகை கொடுத்துவிட்டு காலையில் போன் எப்போது வருமோ என்று உட்கார்ந்திருக்க வேண்டும். கல்யாண நாள் அன்று காலை அவசரமில்லாமல் காபி குடித்து, குளித்து, புடவை மாற்றிக்கொண்டு கிளம்புவதற்கு இந்த 24 மணி நேரக் கணக்கு பெரிய ஆறுதல்.

குறை என்றால் சத்தமும் பார்க்கிங்கும். பேருந்து ஹாரன் ஒரு மணி வரை ஓயவில்லை, நான்கு மணிக்கு மறுபடி ஆரம்பம். இருந்தாலும் பைபாஸை விட இது தேவலை, இடையில் மூன்று மணி நேரமாவது நல்ல தூக்கம் வந்தது. கார் நிறுத்த லாட்ஜில் நான்கே இடம், எங்களுடையது ஐந்தாவது கார். தெருவோரம் நிறுத்திவிட்டு வீட்டுக்காரர் இரண்டு முறை கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2025இல் வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூர் புது முனையத்துக்குப் போய்விட்டன, மத்தியப் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ்தான் பெரும்பாலும். அதனால் இந்த வகைக்கு நான் சொல்கிற சத்தக் குறையைப் பாதியாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சங்கதி, முன்பதிவு. அந்த வருடம் ஒரு ஆப்பில் குறைந்த விலைக்குப் பார்த்து வேறொரு லாட்ஜில் பணம் கட்டியிருந்தோம். ராத்திரி பத்து மணிக்குப் போய் நின்றால் "அந்த ரேட்டுக்கு எங்ககிட்ட ரூம் கிடையாது சார், அவங்ககிட்ட கேட்டுக்கோங்க" என்றார்கள். பணம் திரும்பி வர பதினெட்டு நாள் ஆனது. பெட்டியோடு ரோட்டில் நின்ற அந்த இருபது நிமிடம் மனசைக் கசக்கிவிட்டது. அதிலிருந்து ஆப்பில் விலையைப் பார்ப்பேன், ஆனால் லாட்ஜுக்கே போன் போட்டுப் பேசி, வாடகை, வரி, செக் அவுட், பார்க்கிங் நான்கையும் கேட்டுக்கொண்டுதான் ரூம் சொல்வேன். வரியைப் பற்றிச் சொன்னால், 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய கணக்கில் பில் போட்டால் கேளுங்கள்.

2025இல் ஸ்ரீரங்கம். இது என் யோசனை. வீட்டுக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, "கோயில் ஊர், சந்து தெரு, கார் எங்க விடுறது?" என்றார். சமயபுரம் தாண்டி நம்பர் 1 டோல்கேட் என்கிற இடத்தில் பைபாஸை விட்டுப் பிரிந்து கொள்ளிடம் பாலத்தில் ஏறினால் அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம், அவ்வளவுதான். பாலத்தில் கண்ணாடியை இறக்கினேன், ஆற்று மணல் வாசனையோடு குளிர்காற்று வந்தது. ஆறு மணி நேரமாக ஏசியில் அடைந்து கிடந்ததற்கு அந்த ஒரு காற்று போதும்.

லாட்ஜ் தெற்கு வாசல் பக்கம் ஒரு தெருவில், பழைய மூன்று மாடி. வரவேற்பில் எழுபது வயதுப் பெரியவர். ஆதார் நகல் வாங்கிக்கொண்டு (கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள், எங்கேயும் அதுவே போதும் என்று கேட்டுப் பாருங்கள்) தடிமனான ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்தார். பெயர், வயது, எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், வண்டி எண், வருகையின் நோக்கம் என்று கட்டங்கள். மேலே இருந்த பத்து வரியிலும் கடைசிக் கட்டத்தில் "சுவாமி தரிசனம்", "சுவாமி தரிசனம்" என்றுதான் எழுதியிருந்தது. வீட்டுக்காரர் பேனாவைப் பிடித்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு "கல்யாண நாள்" என்று எழுதினார். பெரியவர் கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு, "எத்தனாவது வருஷம் அம்மா?" என்று என்னிடம் கேட்டார். இருபத்தொன்று என்றேன். முதல் மாடிச் சாவியைப் பலகையில் மாட்டிவிட்டு மூன்றாவது மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். "லிஃப்ட் கிடையாது, ஏறிடுவீங்கல்ல? அங்கேருந்து கோபுரம் தெரியும்."

தெரிந்தது. 236 அடி ராஜகோபுரம், 1987இல் கட்டி முடித்தது, ஜன்னலைத் திறந்தால் முழுசாக நிற்கிறது. ரூம் என்று பார்த்தால் மூன்றிலும் இதுதான் சுமார். கட்டில் சின்னது, ஏசி இல்லை, தை மாதம் என்பதால் தேவைப்படவும் இல்லை. சுடுதண்ணீர் காலை ஐந்திலிருந்து எட்டு வரைதான். சாப்பாட்டுக் கடையெல்லாம் பத்து மணிக்கு மூடுகிற நேரம், கடைசி ஈடு இட்லி கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் பதினொன்றுக்குத் தெரு அடங்கியது, அப்படியே விடிகிற வரை அடங்கியே இருந்தது. பேசிக்கொண்டிருந்தோம். வீட்டில் பேச்சென்றால் கேஸ் புக் பண்ணியாச்சா, பையனுக்குப் பணம் போட்டாச்சா, அதுதான். அன்று ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மணி வரை என்னென்னவோ பேசினோம், கல்யாணத்துக்கு முன் அவர் எனக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த ஒரு கடிதத்தைப் பற்றி அன்றைக்குத்தான் சொன்னார். பைபாஸ் லாட்ஜில் இரண்டு பேரும் விழித்துதான் இருந்தோம், ஒரு வார்த்தை பேசத் தோன்றவில்லை.

காலையில் விஸ்வரூப தரிசனம். சன்னதிக்கு எதிரே பசுவையும், கோயில் யானை ஆண்டாளையும் கொண்டுவந்து நிறுத்துவார்கள், வீணை வாசிப்பார்கள், திரை விலகும். நாங்கள் சீக்கிரமே போய் வரிசையில் நின்றதால் பார்க்க முடிந்தது. எட்டரைக்குக் கிளம்பி, வழியில் ஒரு முறைதான் நிறுத்தி, மூன்று மணிக்குக் கன்னியாகுமரி. படகும் கிடைத்தது, அதற்கு முந்தின மாதம்தான் திறந்திருந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்கு நடந்தும் போனோம்.

ஸ்ரீரங்கத்துக்கும் எச்சரிக்கை உண்டு. தை மாதத்திலேயே பூபதித் திருநாள், தைத்தேர் வரும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி. அந்த நாட்களில் ரூமும் கிடைக்காது, காரும் தெருவுக்குள் நுழையாது. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு ரூம் சொல்லுங்கள். அசைவம், மது பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தச் சுற்றுவட்டாரம் ஒத்துவராது. லாட்ஜில் இடம் இல்லாவிட்டால் பஞ்சக்கரை சாலையில் அறநிலையத்துறையின் யாத்ரி நிவாஸ் இருக்கிறது, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

எதை எடுக்கலாம் என்று கேட்டால்: சின்னக் குழந்தையோ, மாடி ஏற முடியாத பெரியவர்களோ கூட வந்தால் பஸ் ஸ்டாண்டு பக்கம் லிஃப்ட் உள்ள லாட்ஜ், யோசிக்கவே வேண்டாம். பதினொரு மணிக்கு மேல் வந்து ஐந்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு பைபாஸ், பின்பக்க ரூம் கிடைத்தால் மட்டும். இரண்டு பேர் மட்டும், அதுவும் கல்யாண நாளுக்காக வருகிறீர்கள் என்றால் பைபாஸை விட்டு அந்தப் பாலத்தில் ஏறுங்கள். எந்த இடமானாலும் பணம் கட்டுமுன் மேலே போய் ரூமைப் பாருங்கள், குழாயைத் திறந்து பாருங்கள், தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள், ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை, அதற்கு முகம் சுளிக்கிற லாட்ஜில் தங்கவே வேண்டாம்.

அடுத்த கல்யாண நாளுக்கும் அதே மூன்றாவது மாடி ரூமைச் சொல்லியாகிவிட்டது. போன வாரம் போன் போட்டபோது பெரியவர்தான் எடுத்தார். கார் நிறுத்தப் பக்கத்து வீட்டுக் காலி மனையில் இடம் கேட்டு வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.