ஓப்பன் ஆஃபிஸா, லிப்ரே ஆஃபிஸா? விஎல்சியா, எம்பிசியா?

தமிழ்நாட்டின் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல் ஓப்பன் ஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் ரைட்டரையும் (ஆவணம் எழுத) கால்க்கையும் (கணக்கு அட்டவணைக்கு)தான் கற்பிக்கிறது. அதனால் கடலூரில் எங்கள் தெருவில், பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், அண்ணனோ அக்காவோ எப்போதோ வாங்கிவந்த விலையில்லா மடிக்கணினியைத் தூசி தட்டி எடுத்ததும் முதலில் இறக்கிக்கொள்வது அந்த மென்பொருளைத்தான். பாடநூல் சொல்வதைப் பிள்ளைகள் செய்கிறார்கள், அதில் தவறில்லை. ஆயினும் அந்தப் பெயரில் இன்று கிடைப்பதையும், அதன் கிளையாகத் தோன்றிய லிப்ரே ஆஃபிஸையும் ஒரே கணினியில் அடுத்தடுத்து நிறுவிப் பார்த்தால், பெயர் ஓரிடத்திலும் வேலை வேறிடத்திலும் இருப்பது புரிந்துவிடும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய 2010-ஆம் ஆண்டிலேயே, ஓப்பன் ஆஃபிஸை உருவாக்கிவந்தவர்களில் பெரும்பகுதியினர் பிரிந்து சென்று தனி அறக்கட்டளை ஒன்றை அமைத்தனர். 2011 ஜனவரியில் லிப்ரே ஆஃபிஸின் முதல் பதிப்பு வெளிவந்தது. ஓப்பன் ஆஃபிஸ் என்ற பெயரும் நிரல்களும் அதே ஆண்டில் அப்பாச்சி அறக்கட்டளைக்குச் சென்றன. அங்கே 2014-இல் 4.1 பதிப்பு வந்தது. அதன்பின் வந்தவை அனைத்தும் அதன் சிறு திருத்தங்களே. லிப்ரே ஆஃபிஸோ ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகளை வெளியிட்டுவருகிறது.

இந்த வேறுபாடு வீட்டு வேலையில் எங்கே இடிக்கிறது என்பதை ஒரு ஜெராக்ஸ் கடையில் கண்டேன். பக்கத்து வீட்டுப் பெண் தன் செயல்திட்ட அறிக்கையை ஓப்பன் ஆஃபிஸில் தட்டச்சு செய்து, பென்டிரைவில் எடுத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூருக்கு வந்திருந்தாள். கடையில் இருந்தது வேர்டு. ஓப்பன் ஆஃபிஸ் தன் இயல்பான வடிவில் சேமித்த ஓடிடி (.odt) கோப்பு அதில் திறந்தது. ஆனால் நான்காம் பக்கத்து அட்டவணை ஐந்தாம் பக்கத்துக்கு வழிந்து, கடைசி நெடுவரிசை தாளின் ஓரத்துக்கு வெளியே போய்விட்டது. "டாக்எக்ஸாகச் சேமித்து வாம்மா" என்றார் கடைக்காரர், வேர்டின் இன்றைய கோப்பு வடிவத்தை (.docx) மனத்தில் வைத்து. ஓப்பன் ஆஃபிஸ் டாக்எக்ஸ் கோப்பைத் திறக்குமே தவிர, அவ்வடிவில் சேமிக்காது. வேர்டு வடிவங்களில் பழைய டாக் (.doc) மட்டுமே அதன் பட்டியலில் உண்டு. லிப்ரே ஆஃபிஸ் இரண்டையும் செய்யும். என்னைக் கேட்டால், ஒப்பீடு இந்த இடத்திலேயே முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. அச்சுக்கு மட்டும் என்றால் பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துச் செல்லலாம், அதற்கு இரண்டிலும் வழி உண்டு. ஆனால் கடையில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டுமானாலும் பிடிஎஃப் கைகொடுக்காது.

தமிழில் எழுதுவோருக்கு இரண்டிலும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. இவை ஆங்கில எழுத்துருவையும் தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்கான எழுத்துருவையும் தனித்தனியே நினைவில் வைத்திருக்கின்றன. அமைப்புகளில் சிடிஎல் (CTL, தமிழ் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கானது) என்று குறிக்கப்பட்ட பகுதிக்குச் சென்று, மொழியைத் தமிழாகவும் எழுத்துருவை லதா, நிர்மலா போன்ற யூனிகோடு எழுத்துரு ஒன்றாகவும் ஒருமுறை வைத்துவிட்டால் பிறகு சிக்கல் இல்லை. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய சங்கத் தீர்மானங்களை இரண்டில் எதுவும் தானாக மாற்றித் தராது; அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகளின் குவியலே திரையில் தெரியும்.

தானே புயலைக் கண்ட ஊருக்கு மின்தடையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. யுபிஎஸ் இல்லாத கணினியில் லிப்ரே ஆஃபிஸை நிறுவியதும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று இருக்கும் தானியங்கி மீட்புச் சேமிப்பை மூன்று நிமிடமாகக் குறைத்துவிடுவது என் வழக்கம்.

ஓப்பன் ஆஃபிஸின் பக்கம் சொல்ல எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. அதன் நிறுவல் கோப்பு லிப்ரே ஆஃபிஸினுடையதில் பாதிக்கும் குறைவு. பழைய விண்டோஸிலும் அது ஓடும். லிப்ரே ஆஃபிஸ் 25.8 பதிப்பு முதல் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றைக் கைவிட்டுவிட்டது. எனினும் அத்தகைய கணினிக்கு லிப்ரே ஆஃபிஸின் 25.2 பதிப்பே போதும் என்பதால், இந்த வாதம் வெகுதூரம் செல்லவில்லை.

பாட்டுக்கும் படத்துக்கும் வருவோம். இவற்றை ஓட்டும் இலவச மென்பொருள்கள் இரண்டு: விஎல்சி, எம்பிசி-எச்சி (சுருக்கமாக எம்பிசி). விஎல்சி 1996-இல் பிரான்சில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் முயற்சியாகத் தொடங்கியது (புதுச்சேரி நண்பர் ஒருவர் இதிலும் தமக்குப் பங்குண்டு என்பார்). பழைய பெயரும் தொடர்ந்த பராமரிப்பும் ஒன்றாக அமைந்தது இதில்தான். ஒவ்வொரு கோப்பு வகைக்கும் வேண்டிய கோடெக் என்னும் துணைநிரலைத் தேடி அலைய வேண்டாம். வசனவரி முந்தியோ பிந்தியோ வந்தால் ஜி, எச் விசைகளை அழுத்தி 50 மில்லிவினாடி வீதம் சரிசெய்யலாம். ஒலி குறைவாகப் பதிவான கல்யாண டிவிடிக்கு நூறு விழுக்காட்டுக்கு மேலும் ஒலியைக் கூட்டலாம். எம்பிசி-எச்சி இதைவிடச் சிறியது, நினைவகம் குறைந்த கணினியில் சட்டென்று திறக்கும், தோற்றமும் எளிமையானது. ஆனால் அதன் முதல் குழு 2017-இல் பணியை நிறுத்திக்கொண்டது. இன்றைய பதிப்புகளை வேறொருவர் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வெளியிட்டுவர, பழைய தளமோ இன்னும் அந்த 2017-ஆம் ஆண்டுப் பதிப்பையே தந்துகொண்டிருக்கிறது. பெயரைத் தேடிப் போகிறவர் அங்கேதான் போய் நிற்பார்.

விஎல்சிக்கும் ஒரு சோதனைக் காலம் இருந்தது. 2022-இல் பல மாதங்கள் அதன் தளம் இந்தியாவில் பல இணையச் சேவைகளில் திறக்கவில்லை. சட்ட அறிவிப்புக்குப் பின் நவம்பரில் தடை நீங்கியது. அந்த இடைவெளியில் நான் பெரிய பச்சைப் பொத்தான் கொண்ட ஏதோ ஒரு தளத்திலிருந்து அதை இறக்கினேன். விஎல்சி வந்தது, கூடவே உலாவியின் முகப்பைப் பிடித்துக்கொண்ட ஒரு தேடுபொறியும் வந்தது, அதைக் களைய ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இப்போது எங்கள் வீட்டுக் கணினியில் லிப்ரே ஆஃபிஸின் புதிய பதிப்பும் விஎல்சியும் இருக்கின்றன. அப்பாவின் விண்டோஸ் 7 மடிக்கணினியில் லிப்ரே ஆஃபிஸ் 25.2-உம் கிட்ஹப்பிலிருந்து எடுத்த எம்பிசியும் ஓடுகின்றன. பக்கத்து வீட்டுப் பெண், தேர்வுக்காக ஓப்பன் ஆஃபிஸையும் அச்சுக்காக லிப்ரே ஆஃபிஸையும் சேர்த்தே வைத்திருக்கிறாள்.