ஐன்ஸ்டைனா, எரிமலைக் கல்லா, டைட்டேனியமா: யாழ்ப்பாணத்து வெயிலுக்கும் கிணற்றுத் தண்ணிக்கும் தாங்கும் பேனை எது?

அறிவியலின் பெயர் சொல்லி வரும் விலையுயர்ந்த மைப்பேனைகளில் ஒருவகை, விஞ்ஞானியையோ கண்டுபிடிப்பையோ உடலில் அலங்காரமாகச் சுமக்கும். இன்னொருவகையில் அறிவியல், பேனை செய்த பொருளிலும் மை ஏறும் முறையிலுமே இருக்கும். பெட்டிக்குள் இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். மை ஏற்றிய நாளிலிருந்துதான் வித்தியாசம் தெரியும், அதுவும் சுண்ணக்கல்லில் ஊறிவரும் கிணற்றுத் தண்ணியும் உப்புக்காற்றும் உள்ள எங்கள் ஊரில்.

இங்கே ஒப்பிடுபவை மூன்று கம்பனிகளின் பேனைகள்: மொன்ட்பிளாங்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் வரையறுக்கப்பட்ட பதிப்பு, விஸ்கொன்டியின் ஹோமோ சேப்பியன்ஸ், பார்க்கரின் டி-1.

ஐன்ஸ்டைன் பேனை ‘கிரேட் கரக்டர்ஸ்’ தொடரில் வந்தது. 3000 பேனைகள் கொண்ட பதிப்பு ஒன்று, 99 மட்டுமே கொண்ட பதிப்பு இன்னொன்று. சிறப்புச் சார்பியலும் திணிவு–சக்திச் சமன்பாடும் 1905இல் உலகத்துக்கு வந்தவை. இந்தப் பேனை அவற்றை வடிவமைப்பால் நினைவுகூர்கிறது. எழுதும் கருவியாகப் பார்த்தால் அது நல்லதொரு மொன்ட்பிளாங்க், அவ்வளவுதான். இந்த வகைப் பேனைகள் பெரும்பாலும் பிஸ்டனால் மை உறிஞ்சுபவை. பிஸ்டனையும் நிப்பையும் வீட்டில் கழற்றக் கூடாது. அதற்கென்று உள்ள சாவி இல்லாமல் திருகினால், நிப்பைப் பிடித்திருக்கும் ரெசின் (செயற்கைப் பிசின்) கழுத்து வெடிக்கும், வெடித்த பிறகு சேகரிப்பு மதிப்பு போய்விடும். திருத்த வெளிநாட்டுக்குத்தான் அனுப்ப வேண்டிவரும். ஆகவே எழுதுவதற்கென்று இதை வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மை தொடாமல், பெட்டி, இலக்கம், உத்தரவாத அட்டை எல்லாவற்றுடனும் வைத்திருப்பவருக்கு மூன்றிலும் இதுதான் பொருத்தம்.

ஹோமோ சேப்பியன்ஸ் வேறு சாதி. எட்னா எரிமலையின் பசோல்ட்டுப் பாறையை ரெசினுடன் சேர்த்துச் செய்த உடல். கையில் பிடித்தால் வழுக்காது, வியர்வையைச் சற்று உறிஞ்சிக்கொள்ளும். சித்திரை மாத மத்தியானத்தில் நீண்ட நேரம் எழுதுபவருக்கு இந்தக் குணத்தின் அருமை விளங்கும். ஆனால் மையையும் அப்படியே உறிஞ்சும். கழுத்தில் சிந்திய சிவப்பு மையை உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுக்காவிட்டால் கறை நிற்கும்.

இதில் மை ஏற்றும் முறை எளிமையான பௌதிகம். பின்மூடியைத் திருகிக் கம்பியை முழுதாக வெளியே இழுங்கள். நிப்பைக் கழுத்துவரை மைக்குள் அமிழ்த்தி, கம்பியை ஒரே மூச்சில் உள்ளே தள்ளுங்கள். கம்பி நுனியிலுள்ள வளையம் குழாயை அடைத்தபடி இறங்குவதால் அதற்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகிறது. குழாயின் அடியில் விட்டம் அகலும் இடத்துக்கு வளையம் வந்ததும் அடைப்பு விடுபடும். வளியமுக்கம் மையை உள்ளே தள்ளும். 5 முதல் 10 வினாடி நிப்பை மைக்குள்ளேயே வைத்திருங்கள். பலர் உடனே தூக்கிவிட்டு, பாதிதான் ஏறுகிறது என்று குறைசொல்வார்கள். கம்பியை மெதுவாகத் தள்ளினாலும் இதே கதைதான்.

இதன் பலவீனம் கழுவுவதில் இருக்கிறது. உள்ளே பார்க்க முடியாது, கழற்றவும் முடியாது. நிறம் மாற்ற வேண்டுமென்றால் 15, 20 தடவை தண்ணீர் ஏற்றி இறக்க நேரும். இங்கேதான் கிணற்றுத் தண்ணி பகையாகிறது. கேத்தலின் அடியில் பிடிக்கும் அதே வெள்ளைப் படிவு, நிப்புக்குக் கீழேயுள்ள மயிரிழை அகல வாய்க்கால்களிலும் பிடிக்கும். மை ஓட்டம் குறையும், எழுதும்போது இடையிடையே வெட்டும், ‘நிப்பு பிழை’ என்று நினைத்து அதை வளைக்கப் போவார்கள். காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குங்கள். பற்றரிக்கு விடவென்று விற்பதும் சரி, ஆனால் போத்தலில் இருப்பது வெறும் தண்ணீரா அமிலமா என்று இரண்டு தடவை பாருங்கள். குழாய்த் தண்ணியில் முதல் கழுவல், கடைசி மூன்று கழுவல் காய்ச்சி வடித்ததில் என்றால் ஒரு போத்தல் பல மாதம் வரும். பிடிவாதமான பழைய மைக்கு 10 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு வீட்டு அமோனியா கலப்பது வழக்கம். வெண்கல வளையங்கள் உள்ள ‘புரோன்ஸ் ஏஜ்’ வகையில் மட்டும் அதைத் தொடாதீர்கள்: அமோனியா செப்புக் கலவைகளை அரிக்கும்.

அந்த வெண்கலம் காலத்தோடு நிறம் மாறும்படியே செய்யப்பட்டது. உள்நாட்டில் அது அழகாகப் பழுப்பேறும். பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர் பச்சைப் பூச்சோடு மல்லுக்கட்ட வேண்டிவரலாம். அவர்கள் உருக்கு வளையங்கள் உள்ள ‘ஸ்டீல் ஏஜ்’ எடுப்பது புத்தி. நிப்பு, முந்திய பேனைகளில் 23 கரட் பலேடியம், பிந்தியவற்றில் 18 கரட் தங்கம். இரண்டும் மையை ஈரமாக விடும். சி.ஆர். கொப்பியின் மெல்லிய தாளில் நடுத்தர நிப்பு மறுபக்கம் ஊறும். ஃபைன் அல்லது எக்ஸ்ட்ரா ஃபைன் கேட்டு வாங்குங்கள். முதல் எழுத்தே வராமல் தடுமாறும் நிப்புகளும் இந்தப் பேனையில் வருவதுண்டு. வாங்கும் இடத்தில் மை தொட்டு, வெவ்வேறு கோணத்தில் 20 தடவை எழுதத் தொடங்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பார்க்கர் டி-1க்கு வருவோம். 1970, 71இல் மட்டும் வந்த பேனை. விண்வெளி யுகத்தின் உலோகமான டைட்டேனியத்தில் உடல் மட்டுமன்றி நிப்பும் செய்தார்கள். நிப்பு தனித் துண்டல்ல, கழுத்தின் நீட்சி. 1791இல் வில்லியம் கிரெகர் கோர்ன்வால் மணலில் கண்டுபிடித்த இந்த உலோகத்தின் தாது, எங்கள் புல்மோட்டைக் கருமணலிலும் இல்மனைட்டாகக் குவிந்து கிடக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இங்குள்ள சேகரிப்பாளர் இதை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

டைட்டேனியம் மேற்பரப்பில் தானே ஒட்சைட்டுப் படலம் போட்டுக்கொள்ளும். உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யாது. மை ஏற்றக் கழற்றி மாட்டும் சிறு மைக்குழாய் (கன்வேட்டர்) என்பதால் கழுவுவதும் மூன்றிலும் இதில்தான் சுகம். ஆனால் வேலை செய்யக் கடினமான உலோகம் என்பதாலேயே தயாரிப்பு சீக்கிரம் நின்றது. நிப்பு நுனியிலுள்ள கடின உருண்டை கழன்றுபோன பேனைகளும் சந்தையில் உண்டு. 10 மடங்கு பெருக்கும் கண்ணாடியால் நுனியைப் பாருங்கள். இரண்டு பாதியிலும் உருண்டை இருக்க வேண்டும், நடுக்கோடு நேராக இருக்க வேண்டும். ஒரு பாதி தட்டையாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். மாற்று நிப்பு கிடையாது, மாற்றவும் முடியாது. நிப்புக்குக் கீழேயுள்ள சிறு திருகாணி மை ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க வைத்தது. இறுகியிருந்தால் வலுக்கட்டாயமாகத் திருகக் கூடாது.

எழுத வாங்குபவருக்கு எங்கள் தேர்வு ஹோமோ சேப்பியன்ஸ் ஸ்டீல் ஏஜ். பேனையை நிலத்தில் விழவிடாத, பொறியியலை நேசிக்கும் ஒருவருக்கு டி-1.

எதை வாங்கினாலும் சில காரியங்கள் பொது. கொழும்பிலிருந்து குளிரூட்டிய பஸ்ஸில் வந்து மத்தியான வெயிலில் இறங்கினால், பாதி மையுள்ள பேனைக்குள் காற்று விரிந்து மையை மூடிக்குள் தள்ளும். பயணத்துக்கு முழுதாக நிரப்புங்கள், அல்லது வெறுமையாக்குங்கள். நிப்பு மேலே பார்க்க வைத்திருங்கள். ஐப்பசி முதல் மார்கழிவரை மழைகாலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள், இறப்பர் வளையத்தால் பேனைகளைக் கட்டி வைக்காதீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் எழுதப்போவதில்லை என்றால் மையை இறக்கி, காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவி, நிப்பு கீழே பார்க்க ஒரு துணித்துண்டில் ஓர் இரவு நிறுத்திவிட்டு மூடுங்கள்.