அப்பாவின் நம்பருக்குப் போன ஓடிபி

போன நவம்பரில் மூன்று வாரம் டெல்லியில் இருந்தேன். மயூர் விஹார் ஃபேஸ் ஒன்னில் அம்மா தனியாக இருக்கிறாள். 79 வயது. அப்பா மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீடு ஃபேமிலி பென்ஷனில் ஓடுகிறது. நான் டொரோண்டோவிலிருந்து கையோடு ஒரு கேமரா கொண்டுபோயிருந்தேன், ஹாலில் மாட்டி அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று. அதன் கதி என்ன ஆயிற்று என்று பிறகு சொல்கிறேன்.

நவம்பர் என்றால் பென்ஷன்காரர்களுக்கு லைஃப் சர்டிஃபிகேட் மாதம். ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று வருஷா வருஷம் நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் பணம் நின்றுவிடும். 80 ஆனவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். அம்மாவுக்கு அதற்கு இன்னும் சில மாதம் பாக்கி.

சரி, முதலில் வங்கிக்குப் போவோம் என்று கிளம்பினேன். பெயர் வேண்டாம். அம்மாவின் கணக்கில் பதிவாகியிருந்தது அப்பாவின் மொபைல் நம்பர். எதைத் தொட்டாலும் ஓடிபி அங்கேதான் போகிறது. அப்பா போன துக்கத்தில் அந்த சிம்முக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் நம்பரை நிறுத்திவிடலாம், அப்புறம் அது வேறு ஆளுக்கும் போய்விடும் என்பதெல்லாம் எனக்கு அன்றுதான் உறைத்தது. சும்மா ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். காஜியாபாத்தில் ஒரு பையன் எடுத்தான். “ஆமா அங்கிள், பேங்க் மெசேஜெல்லாம் வருது, டெலீட் பண்ணிடறேன்” என்றான் ஹிந்தியில். நல்ல பையன். வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால்?

நம்பரை மாற்ற அம்மாவே நேரில் வர வேண்டுமாம். 70 தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லிவிட்டதே என்று கேட்டேன். “தெரியும் சார், அனுப்ப ஆள் இல்லை” என்றார் அதிகாரி, கண்ணைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்காமல். அன்றைக்குக் காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டியிருந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு, வாசலில் பதினோரு படி ஏறி, இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி அம்மா கையெழுத்துப் போட்டாள். ஆதாரிலும் அதே பழைய நம்பர்தான். அதற்கும் மையத்துக்கு நேரில் போய் வரிசை. அது தனிக்கதை, விட்டுவிடுகிறேன்.

லைஃப் சர்டிஃபிகேட்டுக்கு மட்டும் அலையவே இல்லை. அஞ்சல் துறையின் செயலியில் பதிந்தேன். தபால்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். கட்டணம் 70 ரூபாய். இளம் வயது, தோளில் ஒரு பை, அதற்குள் விரல் வைக்கும் கருவி. அம்மாவின் விரல் ஒன்றும் பதியவில்லை. ஐம்பது வருஷம் புளி கரைத்து, பாத்திரம் தேய்த்து ரேகையெல்லாம் வழுவழுவென்று ஆகிவிட்டது. கட்டைவிரலில் ஆரம்பித்துப் பத்தையும் வைத்துப் பார்த்தார், ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து. அப்புறம் “மாதாஜி, பால்கனிக்கு வாங்க” என்று வெளிச்சத்தில் நிற்கவைத்து, மொபைலை முகத்துக்கு நேரே பிடித்துக் கண்ணைச் சிமிட்டச் சொன்னார். இரண்டாவது சிமிட்டலில் ஏற்றுக்கொண்டது. பிறகு திரையில் வந்த அடுத்த கேள்வியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தயங்கினார்.

“கேக்கணும்னு இருக்கு மாதாஜி... மறுபடி கல்யாணம் பண்ணிண்டேளான்னு.”

அவர் ஹிந்தியில் கேட்டதை அம்மா இப்படித்தான் இன்றுவரை எல்லோருக்கும் தமிழில் நடித்துக் காட்டுகிறாள்.

அடுத்த ஞாயிறு பீட் கான்ஸ்டபிள், அதாவது எங்கள் பகுதிக்கு ரோந்து வரும் போலீஸ்காரர், வந்தார். டெல்லி போலீஸில் தனியாக இருக்கும் முதியவர்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம், காசு கிடையாது. எதிர்வீட்டு மாமி சொல்லி அம்மா போன வருஷமே பதிந்திருக்கிறாள். கதவில் சங்கிலி இருக்கிறதா, வேலைக்காரப் பெண்ணுக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் ஆயிற்றா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று பார்த்து எழுதிக்கொண்டு, ஃபில்டர் காபியை டம்ளரோடு கவிழ்த்துக் குடித்தார். பேச்சு டிஜிட்டல் அரெஸ்டுக்கு வந்தது, போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கிற மோசடி. எங்கள் சொசைட்டியிலேயே ஒரு மாமாவை மத்தியானம் முழுக்க வீடியோ காலில் பிடித்துவைத்திருந்தார்கள்; வேலைக்காரி பெல் அடித்ததால் தப்பினார். “சட்டத்தில் அப்படி ஒரு அரெஸ்டே கிடையாது மாதாஜி. போனை வைங்க. பணம் போயிருந்தா உடனே 1930” என்றார். தினசரி காலண்டர் அட்டையின் பின்னால் அம்மா மார்க்கரில் எழுதியிருக்கிறாள்: 112, முதியோருக்கான போலீஸ் எண் 1291, முதியோர் உதவிக்கான எல்டர்லைன் 14567, இப்போது சைபர் மோசடிக்கான 1930. அதற்குக் கீழே பால்காரர். அவர் பெயருக்குத்தான் அடிக்கோடு.

மருந்துக்கு சிஜிஹெச்எஸ் டிஸ்பென்சரி, மத்திய அரசு ஊழியர்களுக்கும் பென்ஷன்காரர்களுக்குமான மருத்துவத் திட்டம். வெல்னஸ் சென்டர் என்று போர்டு மாறியும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பிரஷர் மாத்திரை கையில் கிடைத்தது. இல்லாததை இண்டென்ட் போட்டு வரவழைப்பார்களாம், அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த ‘அப்புறம்’தான் முழங்கால் வலிக்காரர்களுக்குத் தண்டனை. மாமியின் கணவர் தனியார் கம்பெனி என்பதால் அந்த அட்டை கிடையாது. அவர் ஆஸ்பத்திரிச் செலவுக்கான அரசுக் காப்பீடு, ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை வாங்கியிருக்கிறார். 70 ஆகிவிட்டால் வருமானம் பார்ப்பதில்லை. டெல்லியில் 2025 ஏப்ரலில் தொடங்கினார்கள், மத்திய அரசு 5 லட்சம், டெல்லி அரசு 5 லட்சம். அம்மா மாதிரி சிஜிஹெச்எஸ் உள்ளவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம்.

கேமரா விஷயம். நான் மாட்டிய மறுநாளே அதன் மேல் ஒரு துண்டு. “குளிச்சுட்டு வரச்சே அது முழிச்சுண்டு பாக்கறது” என்றாள். பேசாமல் கழற்றிவிட்டேன். வாரத்தில் இரண்டு நாள் மாலை திருப்புகழ் வகுப்பு இருக்கிறது, மாமி வீட்டில். பதினைந்து பேர். யாராவது வரவில்லையென்றால் முதல் பாட்டு முடிவதற்குள் போன் போய்விடும். எடுக்கவில்லையென்றால் ஆளே போய்விடும். நான் இருந்தபோதே ஒரு பாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. வாசல் சாவிகளில் ஒன்று மாமியிடம் இருக்கிறது. எந்த அறையில் எந்த மாத்திரை என்று என்னைவிட அவருக்குத்தான் தெரிகிறது.

கிளம்புகிற அன்று பென்ஷன் வந்த மெசேஜ் அம்மாவின் சொந்த மொபைலிலேயே வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

“அடுத்த வருஷம் 80. இருபது பர்சென்ட் கூடப் போடுவான்” என்றாள். “85-க்கு முப்பது, 90-க்கு நாப்பது, 95-க்கு அம்பது.”

“நூறுக்கு?”

“முழுசா இன்னொரு பென்ஷன். அப்பவும் வந்து கேப்பான் பாரு, கல்யாணம் ஆச்சான்னு.”