ராக் குழுவுக்கு ட்ரம்பெட்டா, வயலினா?

கிடார், டிரம்ஸ் மட்டும் போதாது என்று நினைக்கும் சென்னை ராக் குழுக்களுக்கு முன்மாதிரிகள் இரண்டு. 1967இல் தொடங்கிய அமெரிக்காவின் சிகாகோ குழு ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸபோனை முன்னிறுத்தியது. 1970இல் பர்மிங்காமில் உருவான எலக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா செல்லோவையும் வயலினையும் நம்பியது.

ட்ரம்பெட் டிரம்ஸுக்கு அஞ்சாது. சிறிய அரங்கில் மைக்கே வேண்டாம். ஆனால் வழக்கமான பி ஃபிளாட் ட்ரம்பெட் எழுதியதைவிட ஒரு முழுச் சுரம் தாழ்வாக ஒலிக்கும். அதனால் கிடார்காரர்களுக்குப் பிடித்த ஈ மேஜர் ஸ்கேலை அதற்கு எஃப் ஷார்ப் மேஜராக எழுத வேண்டும். ஆறு ஷார்ப்புகள், அதாவது அரைச் சுரம் உயர்த்தி வாசிக்க வேண்டிய ஆறு சுரங்கள்! வாசிப்பவர் முகம் சுளிப்பார்.

வயலினின் ஜி, டி, ஏ, ஈ தந்திகளோ கிடாருக்கு உகந்த சுருதிகளில் இயல்பாக ஒலிக்கும். மயிலாப்பூர் பக்கம் வயலின் கலைஞர்களுக்குப் பஞ்சமும் இல்லை. சிக்கல் வேறு: தந்தியின் அதிர்வை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்அப் பொருத்தாவிட்டால் வயலின் ஓசையை டிரம்ஸ் விழுங்கிவிடும். கர்நாடக முறையில் பயின்றவர் தந்திகளை ஜி, டி, ஏ, ஈ என்றில்லாமல் ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்திருப்பார். மேற்கத்திய இசைக்குறிப்பைக் கொடுத்தால் தயங்கக்கூடும். கேட்காமலேயே சுரங்களை அசைத்து வாசிக்கும் கமகமும் நுழையும், அது எனக்குப் பிடித்த தொல்லை.

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் வயலினையே சேர்த்துக்கொள்ளலாம். துள்ளலான ஓரிரு பாடல்களுக்கு மட்டும் ட்ரம்பெட் கலைஞரை அழைத்தால் போதும்.