சரஸ்வதி பூசையா, தீபாவளியா: லயத்து வீட்டில் எதைப் பெரிதாக வைப்பது?

விஜயதசமி முடிந்து பதினெட்டு, பத்தொன்பது நாளில் தீபாவளி வந்து நிற்கும். ஒன்று வளர்பிறைத் தசமி, மற்றது அடுத்து வரும் தேய்பிறைச் சதுர்த்தசி. அதனால் இந்த இடைவெளி எந்த வருசமும் பெரிதாக மாறாது. இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் எங்களுக்கு, இரண்டையும் ஒரே அளவில் கொண்டாட தோட்டத்துச் சம்பளம் இடம் கொடுக்காது. ஒன்றைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் பெரிதாக வைத்துக்கொண்டது நவராத்திரியை, அதிலும் கடைசி மூன்று நாளை. சாமி காரியத்தில் எது உயர்வு என்ற பேச்சே இதில் இல்லை. காசும் வேலையும் எங்கே போகின்றன என்பதுதான் பேச்சு.

தீபாவளியின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரசாங்க விடுமுறை, கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை செய்கிற பிள்ளைகள் ஊருக்கு வருகிற நாள், புது உடுப்பு, எண்ணெய்க் குளியல், ஆட்டிறைச்சி. சரஸ்வதி பூசைக்கு விடுமுறை கிடையாது. காலையில் வழக்கம்போலப் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) போய், பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்துதான் பூசைத் தட்டு எடுக்க வேண்டும். கொழும்பில் இருப்பவர்கள் வரமாட்டார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது பிள்ளையின் முகம் பார்க்க வேண்டும் என்று காத்திருக்கும் அம்மாவிடம் போய் நவராத்திரியைப் பெரிதாக்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

மற்ற வீடுகளுக்குச் சொல்வேன். காரணம் ஒன்றே ஒன்று: தீபாவளி முற்பணம், அதாவது பண்டிகைக்குத் தோட்டம் முன்கூட்டிக் கொடுத்து, பிறகு சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் காசு.

இந்த முற்பணத்துக்கு வட்டி இல்லை, கேட்டால் கிடைக்கும், ஆபிஸில் கையெழுத்துப் போட்டால் போதும். அதனால் அது கடன் என்ற எண்ணமே வருவதில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்தே சம்பளச் சீட்டில் பிடிப்பு ஏறிவிடும். ஒரு கணக்குக்கு 20,000 ரூபாய் எடுத்து, பத்து மாதத்தில் பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000. 2024 செப்டெம்பரில் நிர்ணயமான 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துப் பார்ப்போம். அதில் ஊழியர் சேமலாப நிதி 8 சதவீதம் கழிந்தால் 1,242. ஒரு நாள் வேலையை நாங்கள் ஒரு பேர் என்போம். ஆக, மாதம் ஒன்றரைப் பேருக்கு மேல் வேலை செய்வது ஏற்கனவே தின்று முடித்த பலகாரத்துக்கு. சங்கச் சந்தா, கோயில் காசு என்று மற்றப் பிடிப்புகள் இதற்கு மேல். சம்பளம் கூடினால் கொஞ்சம் இளகும்தான். ஆனால் எடுக்கும் தொகையும் கூடவே ஏறிவிடுகிறது.

பிடிப்பு தொடங்கும் மாதங்களையும் பாருங்கள். நவம்பர், டிசம்பரில் மழை விடாமல் பிடித்தால் கொழுந்து குறையும், சில நாள் அரைப்பேரோடு (அரைநாள் சம்பளத்தோடு) திரும்ப வேண்டிவரும், கைக்காசுக்கும் (கூடுதலாகப் பறிக்கும் கொழுந்துக்குக் கிடைக்கும் காசுக்கும்) வழி இருக்காது. ஜனவரியில் தைப்பொங்கல். பள்ளிக்கூடம் புதுத் தவணை தொடங்கினால் சப்பாத்து, பை, கொப்பி. மண்சரிவுப் பயமும் இந்த மாதங்களில்தான் அதிகம். 2014இல் தீபாவளி முடிந்து சரியாக ஒரு வாரத்தில், ஒக்டோபர் 29ஆம் தேதி, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டிவரும் காலத்தில் வீட்டில் கொஞ்சமாவது காசு இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வீட்டைத் துடைத்து வைப்பது தீபாவளிச் செலவு.

2026இல் தேதிகளும் தீபாவளிக்கு எதிராகவே விழுந்திருக்கின்றன. பெரும்பாலான தோட்டங்களில் பத்தாம் தேதி சம்பளம், இருபத்தைந்தை ஒட்டி மாத அட்வான்ஸ். சரஸ்வதி பூசை ஒக்டோபர் 19, திங்கள். சம்பளம் வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருக்கும். தீபாவளி நவம்பர் 8. அடுத்த சம்பளத்துக்கு இரண்டு நாள் முன்னால். இருபத்தைந்தாம் தேதிக் காசு அரிசி, மா, பருப்போடு இரண்டு வாரத்தை ஓட்டியிருக்கும், அதற்கு மேல் பண்டிகை. முற்பணம் எடுக்காமல் முடியாது என்ற நிலை இப்படித்தான் உண்டாகிறது. போதாக்குறைக்கு அது ஞாயிற்றுக்கிழமை, விடுமுறையிலும் லாபம் இல்லை. 2025 போல ஒக்டோபர் 20இல் தீபாவளி வரும் வருசத்தில் இந்த நெருக்கடி இவ்வளவு இராது.

நவராத்திரிச் செலவு வேறு மாதிரி. அது பிரிந்து போகும். கோயிலில் ஒன்பது இரவையும் லயம் லயமாகப் பிரித்துக்கொண்டால், ஒரு வீட்டுக்கு ஓர் இரவுச் சுண்டலில் ஒரு பங்குதான் வரும். ஒரு கிலோ கடலை அவித்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். கைப்பிடி அளவில் 25 முதல் 30 பிள்ளைகளுக்குக் காணும். அதற்கு ஒரு தேங்காய், ஏழெட்டுச் செத்தல் மிளகாய், கடுகு, கறிவேப்பிலை. இங்கே கெட்டுப்போவது ஒன்றுதான்: கடலை வேகாது. 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த சட்டியில் சூடு அதற்கு மேல் ஏறாது. கீழ்நாட்டில் ஒரு மணி நேரத்தில் வேகும் கடலை இங்கே கல்லாகக் கிடப்பது அதனால்தான். குளிரில் ஊறுவதும் மெதுவாகத்தான். முதல் நாள் மாலையே வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, பன்னிரண்டு மணி நேரம் ஊறவிட்டு, பிரஷர் குக்கரில் வையுங்கள். பெரிய சட்டிதான் என்றால் ஒரு சிட்டிகை அப்பச்சோடா. உப்பு வெந்த பிறகு. இரண்டு விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளை மாவு தெரியாமல் மசிய வேண்டும், அதுவரை இறக்காதீர்கள். அரைவேக்காட்டுக் கடலைக்குப் பிள்ளைகளின் வயிறு இரவோடு இரவாகப் பதில் சொல்லும்.

ஆயுத பூசைக்குச் செலவு இன்னும் குறைவு, பலன் நேரடி. தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, மண் கிளறும் முள்ளு எல்லாம் வருசத்தில் ஒரு நாளாவது முழுதாகத் துடைபடுகின்றன. ஆனால் முறை தப்பினால் பூசையே கத்தியைக் கெடுக்கும். ஈரச் சந்தனத்தை அலகில் பூசி இரவு முழுக்க விட்டால், காலையில் பொட்டு வைத்த இடத்தில் செந்துரு இருக்கும். கழுவி, தீயருகே காட்டி, தேங்காயெண்ணெய் தடவிய பிறகு பொட்டைப் பிடியில் மட்டும் வையுங்கள். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) பூசை செய்கிறவர்கள் இரண்டு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். தேயிலை காயவைக்கும் இடத்தில் சுவரோரமும் உத்திரத்திலும் படிந்திருக்கும் தேயிலைத் தூசு சட்டென்று தீப்பிடிக்கும், ஆகவே கற்பூரம் வெளியே, வாசலில். கொழுந்தை உருட்டும் ரோலருக்கு மாலை போட்டால், மறுபடி சுவிட்ச் போடுமுன் ஒரு பூவிதழும் அரிசியும் மேசையில் இல்லாமல் கூட்டி எடுங்கள். லொறிக்கு முன்னால் உடைக்கும் நீற்றுப்பூசணியை ஓரமாக உடையுங்கள்; வளைவு ரோட்டில் அது கிடந்தால் மோட்டார்சைக்கிள் சறுக்கும்.

மழை விசயத்தில் மட்டும் தீபாவளிக்கே என் வாக்கு. ஒக்டோபர், நவம்பரில் இடி மழை பெரும்பாலும் பின்னேரம் இரண்டு மணிக்கு மேல்தான் இறங்கும். தீபாவளியின் முக்கியமான வேலை எல்லாம் விடியற்காலையில் முடிந்துவிடுகிறது. நவராத்திரிப் பூசையும் வாணி விழாவும் (சரஸ்வதிக்கு எடுக்கும் விழா) மின்னல் நேரத்திலேயே வருகின்றன. தகரப் பந்தல், நீட்டிய வயர், ஈர மைக், சுற்றிப் பிள்ளைகள். இதை லேசாக எடுக்கக் கூடாது. வெட்டவெளி மேடையை விட்டுவிட்டுக் கோயில் மண்டபத்துக்குள்ளோ பள்ளிக்கூட மண்டபத்திலோ வையுங்கள், இடி கேட்டதும் ஒலிபெருக்கியைக் கழற்றிவிடுங்கள். பிள்ளைக்கு முதல் எழுத்து எழுதவைக்கும் ஏடு தொடக்குவது விஜயதசமிக் காலையில் வருவதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவும் நாட்சம்பளத்துக்குப் பேர் போடும் வீடுகளுக்குச் சொன்னது. மாதச் சம்பளக்காரருக்கும், மரக்கறிப் பாத்தி வைத்து வாரச் சந்தைக்கு அனுப்புகிறவருக்கும் கணக்கு வேறு. அவர்களை முற்பணப் பிடிப்பு இந்த அளவுக்கு நெருக்காததால் என் வாதத்தின் பாதி பலம் போய்விடும்.

நவராத்திரியைப் பெரிதாக வைத்த வீட்டில் தீபாவளி இல்லாமல் போக வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு உடுப்பு, காலையில் நல்லெண்ணெய்க் குளியல், தோசை, ஒரு கறி. உடுப்பை ஒக்டோபர் பத்தாம் தேதிச் சம்பளத்தில், சரஸ்வதி பூசைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் அப்போது கடையில் நின்று அளவு பார்க்க இடம் இருக்கும், தையல்காரரும் மறுக்கமாட்டார். அப்படியும் முற்பணம் எடுத்தே ஆக வேண்டும் என்றால், தொகையைக் கேட்பதற்கு முன் எத்தனை மாதத்தில் பிடிப்பார்கள் என்று ஆபிஸில் கேளுங்கள். தொகையை அந்த மாதங்களால் வகுத்து, போன நவம்பர் சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.